காப்பித் தோட்டத்துச் சரிவுகளில் ஜிம்னி: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பியும் மிளகும் போட்ட தோட்டம் இருக்கிறது. தார்ச் சாலை முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து வீடு வரைக்கும் வெறும் மண் பாதைதான். நடுவில் ஓர் ஓடை, அதைத் தாண்டினால் நெட்டுக்குத்தான ஏற்றம், அப்புறம் களத்துக்குப் போகும் இறக்கம். 2023-ல் மாருதி ஜிம்னி என்ற, நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன ஜீப் வகை வண்டி வந்ததும் மேனுவல் கியரில் எடுத்தேன். மைலேஜ், சீட், பாட்டு சிஸ்டம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சரிவில் இந்த வண்டியைப் பத்திரமாக ஏற்றி இறக்குவது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லாரும் ஏற்றத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஆபத்து இறக்கத்தில்தான் அதிகம். ஏற்றத்தில் வண்டிக்குச் சக்தி போதவில்லை என்றால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிடி விட்டுப்போனால் வண்டி நிற்காது.

ஜிம்னியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர் உண்டு: 2எச் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்), 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும்), 4எல் (நான்கு சக்கரமும், வேகம் குறைந்து இழுவை கூடும் லோ கியரில்). செங்குத்தான மண் இறக்கம் என்றால், தரை காய்ந்திருந்தாலும் 4எல், முதல் கியர். வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, லீவரை அழுத்தி மாற்றிவிட்டுத்தான் சரிவில் இறங்க வேண்டும். பாதி இறக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. 2எச்சில் இறங்கினால் இன்ஜின் பிடிப்பு (ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியின் வேகத்தைக் குறைப்பது) பின் சக்கரத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். இறக்கத்தில் வண்டியின் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் அது வழுக்கும், பின்பக்கம் ஒரு பக்கமாகத் திரும்பும். 4எல்லில் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கும். வேகம் மனிதன் நடக்கிற அளவுக்கு வந்துவிடும், பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

எங்கள் பக்கம் பல வருஷமாக வாடகை ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர், முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “தம்பி, இறங்கும்போது இடது காலைத் தரையில வைங்க. கிளட்ச் பக்கமே அது போகக் கூடாது.” கிளட்ச்சை மிதித்த நொடியே இன்ஜின் பிடிப்பு போய்விடும், வண்டி தன் எடைக்கு ஓட ஆரம்பித்துவிடும். ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பதற்றத்தில் இரண்டு காலும் சேர்ந்தே இறங்கும். இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் நாள் பிடிக்கும்.

இறக்கத்தில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் பட்டன் நன்றாகவே வேலை செய்கிறது. கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து இறக்கும். புதிதாக ஓட்டுகிறவருக்குப் பெரிய தைரியம். ஆனால் அது பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது, நீளமான இறக்கத்தில் பிரேக் சூடாகும். அதனால் எனக்கு முதல் துணை லோ கியர்தான். குண்டும் குழியுமாகச் சக்கரம் தூக்கும் இடத்தில் மட்டும் பட்டனையும் போட்டுக்கொள்கிறேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று உதிரி மண்ணில் ஓங்கி மிதிப்பதும் தப்பு. பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து நிற்கும், ஏபிஎஸ் அதைக் குவிய விடாது, நிற்கும் தூரம் கூடும். வழுக்க ஆரம்பித்தால் பிரேக்கை விட்டு, வண்டி மூக்கை நேராகக் கீழ்நோக்கி வைத்து, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் சக்கரம் மறுபடி உருள ஆரம்பிக்கும். மனசு ஒத்துக்கொள்ளாது, ஆனால் வேலை செய்வது அதுதான்.

மழைக்காலத்தில் சரிவை இறங்கி நடந்து பார்க்காமல் நான் வண்டியை விடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் நல்ல மழை. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்து இலை பாதை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். மேலே பார்த்தால் காய்ந்த சருகு. காலால் தள்ளிப் பார்த்தால் அடியில் இலை நைந்து, செம்மண்ணோடு குழைந்து சோப்பு மாதிரி இருக்கும். செருப்பு வழுக்கும் இடத்தில் டயரும் வழுக்கும். அந்த இடத்தை மண்வெட்டியால் வழித்துவிட்டு, தண்ணீர் ஓட ஓரமாக ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் போதும். காட்டு மாடு நடமாட்டம் இருப்பதால் விடிவதற்கு முன்னால் இந்த நடை வேண்டாம், வெளிச்சம் வரட்டும்.

ஏற்றத்துக்கு வருவோம். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் 134 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போதுதான் முழுதாக வரும். டீசல் ஜீப் மாதிரி ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஏறிவிடும் என்று நினைக்கக் கூடாது. 4எல்லில் அந்தக் குறை தெரிவதில்லை. சரிவு முடிகிற வரை ஒரே சீராக மிதிக்க வேண்டும், நடுவில் கியர் மாற்றக் கூடாது. உச்சியை நெருங்கும்போது பானெட்டும் வானமும் மட்டும்தான் தெரியும். அங்கே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், அந்தப் பக்கம் பாதை எந்தத் திசையில் திரும்புகிறது என்பது ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பாதி ஏற்றத்தில் இன்ஜின் அணைந்துவிட்டால்? இதைத்தான் எல்லாரும் காலி இடத்தில் முன்கூட்டியே பழக வேண்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால், பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பிரேக் கல்லாகிவிடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் ஓரிரு விநாடிதான் பிடிக்கும், அதை நம்ப வேண்டாம். கால் பிரேக்கிலேயே இருக்க, கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். அதற்கப்புறம் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே கிளட்ச்சையும் முழுதாக விட்டால் இன்ஜினே பிடித்துக்கொண்டு இறக்கிவிடும். வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் வர வேண்டும். முன் சக்கரம் லேசாக இருப்பதால் ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும், இறுக்கிப் பிடியுங்கள். சரிவிலேயே வண்டியைத் திருப்பிக் கீழே வரலாம் என்று ஒருபோதும் முயற்சி வேண்டாம். ஜீப் உருள்வது அந்தத் திருப்பத்தில்தான்.

அதற்குக் காரணம் பக்கச் சாய்வு. ஜிம்னியின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 1.4 மீட்டர்தான். மேல்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கல்லில் ஏறினால் சாய்வு 6 டிகிரி கூடுகிறது. அதே நேரம் கீழ்ப்பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினால் மொத்தம் 10 டிகிரி. ஏற்கெனவே 15 டிகிரி சாய்வில் இருந்தால் இப்போது 25. அந்த 15 டிகிரி என்பதே, நாலு அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கும் சரிவு. எனவே குறுக்கே போகும் பாதையை விட்டுவிட்டு, சுற்றானாலும் நேராக ஏறி நேராக இறங்கும் வழியைத்தான் எடுக்கிறேன். தவிர்க்கவே முடியாமல் குறுக்கே போய், வண்டி கவிழ்கிற மாதிரி இருந்தால் ஸ்டீயரிங்கை இறக்கத்துப் பக்கம் திருப்புங்கள், மேட்டுப் பக்கம் அல்ல.

மூட்டை விஷயத்திலும் கறாராக இருக்கிறேன். மிளகு மூட்டை, உர மூட்டை எதுவும் கூரைமேல் போகாது. பின் சீட்டை மடக்கித் தரையோடு தரையாகக் கட்டுகிறோம். கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவிழ்க்கத்தான் உதவும். வேலைக்கு வருகிறவர்களை அந்தச் சரிவுக்கு முன்னால் இறக்கி நடந்து வரச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் இருப்பவர் பெல்ட் போட்டே ஆக வேண்டும், கால் கிலோமீட்டர் தூரமானாலும்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம்) 2590 மில்லிமீட்டர், வெளிநாட்டு மூன்று கதவு வண்டியில் 2250. அதனால் மேட்டு உச்சியில் வயிறு தட்டாமல் கடக்கும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 ஆகக் குறைகிறது. கூரான வரப்பு மேடு என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் மண் போட்டுச் சரிவாக்கிக்கொள்வது நல்லது. டயரை முதல் மழைக்குப் பிறகு, கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் வகைக்கு மாற்றினேன். செலவு செய்ததில் உருப்படியானது அதுதான். உதிரி மண்ணில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் பிடிப்பு கூடும், ஆனால் பக்கச் சாய்வில் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் என்பதால் அதற்கும் கீழே போவதில்லை. தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பி, லீவரை 2எச்சுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த வண்டியில் சென்டர் டிஃபரென்ஷியல் (வளைவில் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) கிடையாது, பிடிப்பான சாலையில் 4எச்சிலோ 4எல்லிலோ வளைத்தால் கியர்பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும். பின் சக்கரத்துப் பிரேக் டிரம்முக்குள் சேறு சேரும். மழை முடிந்ததும் மெக்கானிக்கிடம் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ஹேண்ட் பிரேக் கேபிளையும் அப்போதே பார்த்துவிடலாம்.