இடது கிராங்கா, இரட்டைப் பெடலா, டிரெய்னரா: எந்த வாட் கணக்கை நம்புவது?

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குத் தெரியும், வேகம் பார்த்துப் பயிற்சி செய்ய முடியாது. முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்று அடித்தால் மணிக்கு 26 கி.மீ. தாண்டாது, அதே உழைப்புக்குத் திரும்பி வரும்போது 34 ஓடும். அதற்காகத்தான், மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டருக்குக் காசு போடுகிறோம். ஆனால் அதை வண்டியில் எந்த இடத்தில் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. இதை நான் நேரிலேயே பார்த்தேன்.

இரண்டு வருடமாக என் வண்டியில் இருந்தது இடது கிராங்க் மீட்டர், அதாவது இடது பெடலைத் தாங்கும் தண்டில் பொருத்தியது. நண்பர் ஒருவரிடம் இரு பெடல்களிலும் தனித்தனியாக அளக்கும் இரட்டைப் பெடல் மீட்டரை இரவல் வாங்கி மாட்டினேன். பின்சக்கரத்தைக் கழற்றி, செயினை நேரடியாக மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டைரக்ட் டிரைவ் டிரெய்னரில் வண்டியை ஏற்றினேன். மூன்றையும் மூன்று கருவிகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்தபடி 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்தேன். சராசரி: பெடல் 224 வாட், டிரெய்னர் 218, கிராங்க் 211.

டிரெய்னர் குறைத்துக் காட்டியது பிழையே இல்லை. பெடலில் போட்ட சக்தியில் இரண்டு, மூன்று சதவீதம் செயினிலும் பற்சக்கரங்களிலும் கரைந்த பிறகுதான் அது அளக்கிறது. அதன் 218ம் பெடலின் 224ம் ஒன்றோடொன்று பொருந்தியே போகின்றன.

சிக்கல் கிராங்க்கில். அது இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறது. பெடல் கணக்குப்படி என் இடது காலின் பங்கு 47 சதவீதம். 224ல் 47 சதவீதம் 105 சொச்சம், அதன் இரட்டிப்பு 211. கணக்கு கச்சிதம், விடைதான் தவறு. "அப்படியானால் எப்போதும் ஆறு சதவீதம் கூட்டிக்கொள்ளலாமே" என்று நண்பர் கேட்டார். முடியாது. மெதுவாக மிதிக்கும்போது என் இடது காலின் பங்கு 49 ஆகிவிடுகிறது. இளைப்பாறும் நாளில் இரண்டு சதவீதம் குறைவு, கடுமையான நாளில் ஆறு சதவீதம் குறைவு என்று அளவுகோலே உழைப்புக்கு ஏற்ப நீண்டு சுருங்குகிறது. முன்னேறுகிறேனா என்று பார்க்க வாங்கிய கருவிக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை. இரு கால்களும் சமமாக உழைப்பவருக்கு இடது கிராங்க் போதும், ஆனால் சமம்தானா என்பதை அந்த மீட்டரால் சொல்ல முடியாதே!

அதனால் என் ஓட்டு பெடலுக்கு. ஃபவேரோ அஸியோமா, கார்மின் ரேலி பெடல் மீட்டர்கள் இரண்டுமே கூட்டல் கழித்தல் ஒரு சதவீதத் துல்லியம் என்று சொல்லித்தான் விற்கின்றன. வேறு வண்டிக்கு மாற்றுவதும் சுலபம். மாற்றும்போது மீட்டரின் அமைப்பில் கிராங்க் நீளத்தைத் திருத்த மறக்காதீர்கள். 172.5 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 170 என்று இருந்தால் ஒன்றரை சதவீதம் அங்கேயே போய்விடும். கீழே விழுந்தால் முதலில் தரையில் தேய்வது பெடல்தான், அந்தப் பயம் எனக்கும் உண்டு.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. மீட்டருக்குள் இருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் அளப்பது உலோகத்தின் நுண்ணிய வளைவை. வெப்பம் மாறினால் அதன் பூஜ்ஜியம் நகரும். ஏசி அறையில் 24 டிகிரியில் தூங்கிய வண்டிக்கு வாசலிலேயே ஜீரோ ஆஃப்செட் (அந்தப் பூஜ்ஜியத்தைச் சரிசெய்வது) செய்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இப்போது 15 நிமிடம் மிதித்து, உலோகம் வெளிச்சூட்டுக்கு வந்தபிறகு, திருவான்மியூர் தாண்டி ஓரமாக நிறுத்தி, பெடலில் கால் வைக்காமல் செய்கிறேன். தானே வெப்பத்தைச் சரிசெய்யும் மீட்டர்களுக்கும் இது நல்லது.

பதிவில் பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இரண்டு இடங்களில். ஹேண்டில்பாரில் மாட்டும் பதிவுக் கருவியான ஹெட் யூனிட்டில், சில விநாடிகளை விட்டுவிட்டுப் பதியும் 'ஸ்மார்ட் ரெக்கார்டிங்' இருந்தால் எடுத்துவிட்டு ஒவ்வொரு விநாடியும் பதியும்படி வையுங்கள். அடுத்தது, வண்டி நின்றால் பதிவைத் தானே நிறுத்திவைக்கும் ஆட்டோ பாஸ். 50 நிமிடம் 200 வாட்டில் மிதித்து, சிக்னல்களில் 10 நிமிடம் நின்றால், நின்றதையும் சேர்த்த சராசரி 167. ஆட்டோ பாஸ் காட்டுவது 200. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றி வைக்காதீர்கள். மிதிக்காமல் உருளும் விநாடிகளின் பூஜ்ஜியம் மட்டும் சராசரியில் கட்டாயம் சேரவேண்டும்.

பதிவை அலசுவதற்கு, சட்டென்று பார்க்க ஸ்ட்ராவா ஆப் போதும். நான் உட்கார்ந்து வேலை செய்வது கோல்டன் சீட்டா என்ற மென்பொருளில். இலவசம், சொந்தக் கணினியில் ஓடும், பொய்யாக எகிறிய எண்களைத் திருத்த வழி உண்டு. ஒரே ஒரு விநாடி 2000 வாட் என்று தவறாகப் பதிந்தாலும் உங்கள் 'சிறந்த 5 விநாடி' கணக்கு பாழ். ஏற்ற இறக்கமான உழைப்புக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் நார்மலைஸ்டு பவர் என்ற எண் 30 விநாடிச் சராசரிகளை நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கணக்கிடுவது. ஈசிஆரின் சமதரையில் அது சாதாரணச் சராசரியை ஒட்டியே வரும். அடையாறு, வேளச்சேரி சிக்னல்களில் நின்று நின்று போனால் இடைவெளி விரியும்.

கடைசியாக, மீட்டரையே சோதிக்க ஒரு வழி. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் முத்திரை குத்திய 10 கிலோ எடைக்கல் கேட்டேன். "சைக்கிளுக்கு எதுக்கு தம்பி எடைக்கல்லு?" என்றபடியே கொடுத்தார். கிராங்க்கை முன்பக்கம் படுக்கைவாட்டில் வைத்து, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பெடல் அச்சில் கல்லைத் தொங்கவிட வேண்டும். 172.5 மி.மீ. கிராங்க்குக்கு முறுக்குவிசை 16.9 நியூட்டன் மீட்டர் வரவேண்டும். இதைச் சில மீட்டர்களின் ஆப்பே காட்டும். பிறகு நான் வாங்கிய பெடலில் இடது 16.8, வலது 17.0 வந்தது. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை மகாபலிபுரம் கிளம்பினேன்.