கிளட்சும் ஆக்சிலரேட்டரும்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

ஒரே சிங்கிள் சிலிண்டர் பைக்கைச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். வண்டி குலுங்காமல் போக ஆக்சிலரேட்டர் கை பழக வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி வேலை இடது கையில்தான். நெரிசலில் ஊரும்போது வலது கையை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் கிளட்சிடம் விட்டுவிட்டால் வண்டி துள்ளாது. கூடவே பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டால் இன்னும் நிதானம். குறுகலான இடத்தில் யூ டர்ன் போட இந்த மூன்றும் போதும். முன் பிரேக்கை மட்டும் அப்போது தொடாதீர்கள்.

'ஹாஃப் கிளட்சில் (லிவரைப் பாதி அழுத்தியபடி) ஓட்டாதே, பிளேட் போய்விடும்' என்பதைக் கேட்டுப் பயந்தவர்கள்தான் லிவரைச் சட்டென்று விட்டு வண்டியை உதற வைக்கிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே சுற்றுகின்றன. குறைந்த ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் நழுவ விட்டால் அந்தச் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். ஆனால் மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும், ஓடும்போது லிவரை லேசாக அழுத்திக்கொண்டே போவதும் பிளேட்டைத் தின்றுவிடும்.

இன்ஜெக்ஷன் வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடினால் பெட்ரோல் நின்றுவிடும். மறுபடி திறக்கும்போது ஒரு வெட்டு வெட்டும். இரண்டாவது கியரில் வேகத்தடை தாண்டும்போது இது நன்றாகத் தெரியும். முழுதாக மூடாமல் ஒரு இழை திறந்தே வைத்திருப்பேன். முடியாவிட்டால், திறக்கும் நொடியில் கிளட்சை ஒரு சிட்டிகை இழுப்பேன். மேடுபள்ளத்தில் கை குலுங்கி ஆக்சிலரேட்டர் தானாக ஆடாமல் இருக்க, கட்டைவிரலைச் சுவிட்ச் பெட்டியில் சாய்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கியர் குறைக்கும்போது கிளட்சைப் பிடித்தபடி ஆக்சிலரேட்டருக்கு ஒரு சின்ன முறுக்கு கொடுத்துவிட்டு லிவரை விட்டால் பின்சக்கரம் இழுபடாது. சரியாக வந்ததா என்பதைப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் சொல்லிவிடும். நம் ஹெல்மெட்டில் வந்து இடித்தால் இன்னும் பழக வேண்டும்!

கையைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். பல பைக் மேனுவல்களில் கிளட்ச் லிவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. ப்ளே (கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லிவர் சும்மா நகரும் தூரம்) இருக்கச் சொல்லியிருக்கும்; ஆக்சிலரேட்டரில் சில மி.மீ. போதும். ப்ளே அதிகமானால் கிளட்ச் முழுதாக விடுபடாது, நியூட்ரல் விழ அடம்பிடிக்கும். ப்ளே துளியும் இல்லையென்றால் பிளேட் நழுவும். பிளேட் தேயத் தேய இந்த ப்ளேயும் குறைந்துகொண்டே வரும் என்பதால் அவ்வப்போது அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆயிலையும் கவனிக்க வேண்டும்: டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தரக்குறி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவ ஆரம்பிக்கலாம்.

லிவர் கனக்க ஆரம்பித்தால் கேபிள் உள்ளே காய்ந்திருக்கும், இல்லையென்றால் முனையில் இழை பிரிந்திருக்கும். புதுக் கேபிள் போட்டால் கிளட்ச் பிடிக்கும் இடம் மாறிவிடும். ஆரம்பத்தில் அது கொஞ்சம் நீளவும் செய்யும், சில நாள் ஓட்டியபின் ப்ளேயை மறுபடி பார்த்துவிடுங்கள்.