மேல்நிலை ஒலியனியல் ஆன்லைன் கோர்ஸ்: பாடம் அருமை, ஆடியோதான் சோதனை

ஒரு மொழியில் ஒலிகள் எப்படி இயங்குகின்றன என்று சொல்லும் இந்த ஒலியனியல் கோர்ஸைப் பத்து வாரம் உட்கார்ந்து ஒருவழியாக முடித்துவிட்டேன். ஒலியனுக்கும் (சொல்லின் பொருளை மாற்றும் ஒலி) மாற்றொலிக்கும் (அதே ஒலியன் இடத்துக்கேற்ப எடுக்கும் வேறு வேறு உச்சரிப்பு) வித்தியாசம் தெரியாதவர்கள் தயவுசெய்து சேர வேண்டாம், இரண்டாவது வகுப்பிலேயே மொழியியலாளர்கள் சாம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் போட்ட உச்சரிப்பு விதிகளுக்குள் தள்ளிவிடுகிறார்கள், எனக்கே மூச்சு முட்டியது.

ஆனால் ஆறாவது வாரத்துக்காகவே காசு கொடுக்கலாம். ஆங்கிலத்தில் ரைட்டர், ரைடர் என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மூன்று வகுப்பு ஓட்டினார் ஆசிரியர். கனடாவில் பலர் பேச்சில் நடுவில் உள்ள மெய் இரண்டிலும் ஒன்றுதான், நாக்கு லேசாகத் தட்டிவிட்டுப் போகும். முன்னால் வரும் 'ஐ' மட்டும் வேறு வேறு. விதிகளை வரிசைப்படுத்தினால் கணக்கு சரியாக வருகிறது: ரைட்டரில் முதலில் அதிர்வில்லாத (தொண்டை அதிராமல் வரும்) மெய்யைப் பார்த்து உயிர் மாறுகிறது, அப்புறம்தான் அந்த மெய் லேசான தட்டலாகத் தேய்கிறது. பிரின்ஸும் ஸ்மோலென்ஸ்கியும் 1993இல் கொண்டுவந்த ஆப்டிமாலிட்டி தியரியிலோ படிப்படியான வரிசையே கிடையாது, கட்டுப்பாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மோதுகின்றன. உயிரை மாற்றிய மெய் கடைசி உச்சரிப்பில் இல்லையே, பிறகு உயிர் ஏன் மாறியது? அந்தத் தியரி அதன் ஆரம்ப உருவில் இங்கே தடுக்கி விழுவதை ஆசிரியர் மழுப்பாமல் காட்டினார். அதே தியரி ஸ்கூல் எப்படி 'இஸ்கூல்' ஆகிறது என்பதை அழகாக விளக்குகிறது (சொல் முதலில் மெய்க்கூட்டம் கூடாது என்பது, இல்லாத ஒலியைச் சேர்க்காதே என்பதை மிதித்துவிடுகிறது, அவ்வளவுதான்).

இனி வயிற்றெரிச்சல். மொழியியலாளர் கோல்ட்ஸ்மித் 1976இல் சுரங்களை (சில மொழிகளில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) தனி அடுக்காகப் பிரித்துக் காட்டியதைப் பற்றிய வகுப்பில், உயர்ந்த சுரம் எது தாழ்ந்தது எது என்றே கேட்கவில்லை, கிணற்றுக்குள் இருந்து பதிவு செய்த மாதிரி ஆடியோ. பயிற்சிகளுக்கு விடையும் இல்லை, தப்பாகப் போட்டாலும் நமக்குத் தெரியாது.

இன்னொன்று, தமிழில் அதிர்வொலியே (தொண்டை அதிர வரும் க, ச, ட, த, ப போன்ற மெய்யொலிகள்) கிடையாது என்று ஒரு ஸ்லைடு! எழுத்து ஒன்று என்பதால் ஒலியும் ஒன்றாகிவிடுமா? தங்கம், பகல், பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்று ககரமும் மூன்று விதம், தங்கத்தில் தொண்டை நன்றாகவே அதிரும். மெயில் போட்டேன், "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது, நேற்று பார்த்தேன், ஸ்லைடு அப்படியேதான் இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை, அதில் மூன்று அந்த ஆறாவது வாரத்துக்கு.