பிள்ளையை மாண்டிசோரியில் சேர்க்கலாமா? கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா

கும்பகோணத்தில் எங்களுக்குப் பாத்திரக்கடை. சின்னவளை மூன்று வயதில் ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு மாண்டிசோரி பள்ளியில் சேர்த்தோம். இப்போது ஐந்து முடியப்போகிறது. கடைக்கு வரும் அம்மாக்கள் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு.

மூன்றிலிருந்து ஆறு வயது வரை எல்லோரும் ஒரே அறையில். காலையில் மூன்று மணி நேரம் மணி அடிப்பதில்லை. பிள்ளையே பாய் விரித்து, பிடித்ததை அலமாரியிலிருந்து எடுத்துச் செய்துவிட்டு, எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் தண்ணீர் ஊற்றுவது, பருப்பு அள்ளுவது, பட்டன் போடுவது, மேசை துடைப்பதுதான். "இதுக்கா பணம் கட்டுறே?" என்றார் மாமியார். இன்று அவள் சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைக்கிறாள். அதை ஊரெல்லாம் சொல்வதும் மாமியார்தான்.

ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மரக்கட்டையில் வெவ்வேறு அளவில் பத்துக் குழி, அவற்றில் பொருந்துகிற பத்து உருளை. உருளையின் மேலுள்ள குமிழை மூன்று விரலால் பிடித்துத்தான் தூக்க முடியும். பென்சில் பிடிக்கிற அதே விரல்கள். நடுவில் ஒன்றைப் பெரிய குழியில் போட்டுவிட்டாள். கடைசி உருளை இறங்கவில்லை. ஆசிரியை வாயே திறக்கவில்லை. சற்று நேரம் உற்றுப் பார்த்த என் மகள், எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து போட்டாள். தப்பைக் கட்டையே காட்டிக்கொடுக்கிறது, திட்டு இல்லை, அழுகை இல்லை. நான் கட்டிய பணம் இதற்குத்தான்.

எழுத்து உப்புத்தாளில். கூத்தனூரில் விஜயதசமிக்கு நெல்லில் விரல் வைத்து எழுத வைப்போமே, அதுபோல இரண்டு விரலால் தடவி, ஓசையைச் சொல்லிப் பழகுகிறார்கள். 'ழ' அவளுக்கு இப்படித்தான் வந்தது. கணக்குக்கு மணிகள்: ஒற்றை மணி, பத்து கோத்த கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். "ஆயிரம் கனக்குதும்மா" என்றாள். நாங்களெல்லாம் சைபரை எண்ணித்தானே ஆயிரத்தைப் படித்தோம்!

வெளிநாட்டுப் படிப்பு நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு: 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கியது இது. இதைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. கட்டணம் அதிகம். வேன் கிடையாது, சுவாமிமலை, திருவிடைமருதூர் பக்கமிருந்து வருகிறவர்கள் படாதபாடு படுகிறார்கள். கதைப் புத்தகங்களில் தமிழ் குறைவு. ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனால் நாலுகோடு நோட்டும் வீட்டுப்பாடமும் புதிதாக இருக்கும், அதற்கு நாம்தான் தயார்படுத்த வேண்டும்.

முக்கியமாக, பலகையை நம்பாதீர்கள். மாண்டிசோரி என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முதலில் நாங்கள் பார்த்த ஓரிடத்தில் சாமான்களெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஏபிசிடி எழுதிக்கொண்டிருந்தார்கள். அலமாரி பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா, ஆசிரியைக்கு மாண்டிசோரி பயிற்சி உண்டா, வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.