டிக்ஷனரி ஆப்: 499 ரூபா குடுத்து நாலு வார்த்தைக்கும் ஒரே பதில் வாங்குன கதை

வீட்ல இருந்தே மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன். போன மாசம் எங்கயோ ஒரு சின்ன ஊர் கவுன்சில் பத்தி இங்கிலீஷ் கட்டுரை வந்துச்சு, ஒரே பக்கத்துல பரோக்கியல், இன்சுலர், ப்ராவின்ஷியல், நேரோ மைண்டட்னு நாலும் வரிசையா நிக்குது. சரி காசு போனா போகுதுன்னு ஒரு இங்கிலீஷ்-தமிழ் ஆப்புக்கு வருஷ சந்தா 499 கட்டிட்டேன், பேர் வேணாம்.

நாலுக்கும் "குறுகிய மனப்பான்மை கொண்ட". அவ்ளோதான். பரோக்கியலுக்கு மட்டும் கீழ பொடி எழுத்துல "பங்கு சார்ந்த"ன்னு இருந்துச்சு, என்னடா இது ஷேர் மார்க்கெட்டான்னு முழிச்சேன், அப்புறம்தான் பொறி தட்டுச்சு, சர்ச்ல பங்கு, பங்குத்தந்தைம்பாங்கல்ல, அந்தப் பங்கு, ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி. தன் பங்கோட எல்லைய தாண்டி எட்டிப் பாக்காதவன்தான் பரோக்கியல். இன்சுலர் லத்தீன்ல தீவுங்கற இன்சுலால இருந்து வந்தது, இன்சுலினுக்கும் அதே வேர்தான், கணையத்துல தீவு தீவா இருக்கற செல்லுங்க சுரக்கறதால அந்தப் பேரு. இத ஒரு வரி போட்டிருந்தா நாலும் வேற வேறன்னு புரிஞ்சிருக்கும்ல.

கடுப்பாகி அடுப்படில நின்ன அத்தைகிட்ட கேட்டேன், தன் தெருவத் தவிர எதையும் பாக்காதவன என்னன்னு சொல்லுவீங்கன்னு. அரிசி களைஞ்சுகிட்டே "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறவன்"னாங்க. கிணத்துத் தவளைன்னு சொல்லக்கூடாதான்னேன். "அது வேறம்மா, தவளைக்கு வெளிய ஒண்ணு இருக்கறதே தெரியாது, இவனுக்குத் தெரியும், போகமாட்டான்." 499 ரூபா ஆப்பு சொல்லாதத ஓசில சொல்லிட்டாங்க. ப்ராவின்ஷியலுக்கு நம்ம பட்டிக்காட்டான் இருக்கு, அதே நக்கல், அதே டவுன்காரன் திமிர்.

பெரிய கூத்து அதே கட்டுரைல வந்த இன்வர்ட் லுக்கிங்குக்குதான், தனக்குள்ளயே பாத்துகிட்டு வெளிய பாக்காததுன்னு அர்த்தம். ஆப்பு குடுத்தது "உள்நோக்கம் கொண்ட". அப்படியே போட்டிருந்தா கவுன்சில் ஏதோ சதி பண்ணுதுன்னு அர்த்தமாயிருக்கும், கேஸ் போட்டாலும் போடுவாங்க. "தானுண்டு தன் வேலையுண்டு"ன்னு எழுதலாமான்னா, அது நம்ம ஊர்ல பொண்ணு குடுக்கறப்ப மாப்பிள்ளைக்கு சொல்ற சர்டிபிகேட்டு, திட்டு கிடையாது. கடைசில "ஊருக்குள்ளயே சுத்தி வர்ற புத்தி"ன்னு நானே ஒண்ணு போட்டு ஒப்பேத்தினேன்.

காசில்லாம வேணும்னா சிகாகோ யுனிவர்சிட்டி சைட்ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் கிடக்கு, தமிழ் வார்த்தைக்கு இங்கிலீஷ்லயும் அர்த்தம் சொல்ற பெரிய அகராதி, 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு வால்யூமா வந்தது, கூடவே 1862ல வந்த வின்ஸ்லோ அகராதியும். வார்த்தைக்குப் பதிலா அர்த்தத்துக்குள்ள தேடலாம்ங்கறதுதான் அதுல விசேஷம், இங்கிலீஷ் வார்த்தைய போட்டா எந்தெந்த தமிழ் வார்த்தை விளக்கத்துல அது வருதோ அதெல்லாம் வந்து விழும். நேரோன்னு போட்டா சந்து, இடுக்கு மாதிரி வீதி சமாச்சாரம்தான் நிறைய வரும், பொறுமையா தோண்டணும், இன்னிக்குப் பேசற வழக்கும் அதுல கம்மி. போன்ல பாத்தா கண்ணு போயிரும், கம்ப்யூட்டர்ல பாருங்க.

ஆப்புக்கு ரெண்டு ஸ்டார். ஒண்ணு நெட் இல்லாமயும் ஓடுறதுக்கு, இன்னொண்ணு அந்தப் பங்குக்கு.