பெயர் புரோரெஸ், உள்ளே இருந்தது பிராக்ஸி

எடிட் முடிந்த படத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறவர்கள், முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டுத்தான் விழித்தேன்.

ஒரு ஆவணப்படம். எடிட் செய்தது அவிட் மீடியா கம்போசரில். படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட் வேலை செய்வது டாவின்சி ரிசால்வில். கேமராவில் பதிவானது 4கே, 10 பிட் (நிறச் சாயல்களை 8 பிட்டைவிட நுணுக்கமாகப் பிரித்துவைப்பது), ஹெச்.265. சில பிரேம்களை மட்டும் முழுப் படமாக வைத்துக்கொண்டு, இடைப்பட்டவற்றுக்கு மாற்றத்தை மட்டும் குறித்துவைக்கிற சிக்கனப் பதிவு அது. மெமரி கார்டில் இடம் மிச்சமாகும், கணினிக்கோ மூச்சு முட்டும். அதனால் மூலக் கிளிப்களை எடிட்டுக்கு ஏற்ற உயர்தர வடிவமான 1920 × 1080 புரோரெஸ் 422 ஹெச்கியூவாக மாற்றி, எந்தக் கிளிப் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்ற குறிப்பைச் சுமந்து அவிட்டிலிருந்து வரும் ஏஏஎஃப் கோப்பு ரிசால்வில் பிசகில்லாமல் திறக்கும்படி செய்து தரச் சொல்லி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். மூலங்கள் இருந்த ஹார்டு டிஸ்கிலேயே, இயக்குநர் பார்ப்பதற்காக எடுத்த பிராக்ஸிகளும் (தரம் குறைந்த சின்ன நகல்கள்) ஒரு ஃபோல்டரில் கிடந்தன: 1280 × 720, ஹெச்.264, 8 பிட், லட் (நிறத்தை மாற்றிக் காட்டும் ஆயத்த அட்டவணை) போட்டது, கீழ் ஓரத்தில் டைம்கோடு (ஒவ்வொரு பிரேமின் நேர எண்) பதித்தது. அதை அழிக்காமல் கொடுத்தது என் சோம்பேறித்தனம்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வேலை முடிந்தது என்றார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவ்வளவு ஹெச்.265 கோப்புகளை அந்த வேகத்தில் மாற்ற முடியுமா என்று நான் யோசிக்கவில்லை. மூன்று கிளிப்களைத் திறந்து பார்த்தேன். படம் பளிச்சென்று, நல்ல நிறத்தோடு இருந்தது. சந்தோஷப்பட்டேன். நாங்கள் எடுத்ததோ லாக்கில், அதாவது பின்னால் நிறம் சேர்க்க இடம் விட்டுப் பதியும் முறையில். அப்படி எடுத்த ஃபுட்டேஜ் வெளிறி, சாம்பல் பூசியது போல இருக்க வேண்டும். அழகாக இருக்கக் கூடாத இடத்தில் அழகாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டு, பாக்கிப் பணத்தையும் கொடுத்தேன்.

கலரிஸ்ட் ஏஏஎஃப்பைத் திறந்தால் டைம்லைன் முழுக்க ‘மீடியா ஆஃப்லைன்’, அதாவது கிளிப் கிடைக்கவில்லை. கிளிப் ஒவ்வொன்றின் பெயரிலும் வால் முளைத்திருந்தது. தொடக்க டைம்கோடு எல்லாவற்றிலும் 00:00:00:00. ரிசால்வ் ஒரு கிளிப்பை அடையாளம் காண்பது பெயரையும் டைம்கோடையும் வைத்துத்தான். இரண்டையும் மாற்றிவிட்டால் அதற்கு எல்லாக் கிளிப்பும் அந்நியம்தான். இணைப்புச் சிக்கல் மட்டும்தான் என்று நம்பி, இரண்டு நாள் உட்கார்ந்து கையால் ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் கலரிஸ்ட் கூப்பிட்டார். படத்தில் ஒரு கடிகாரம் பழுதுபார்க்கிற முதியவர் வருகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து, இடுக்கியால் ஒரு பல்சக்கரத்தை எடுத்து வைப்பார். ஜன்னலுக்கு வெளியே மரக்கிளைகள் அசையும். அந்த அசைவுக்காகவே அந்த ஷாட்டை எடுத்தோம். கலரிஸ்டின் திரையில் ஜன்னல் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. வெளிச்சத்தை எவ்வளவு இறக்கினாலும் வெள்ளை சாம்பலானதே தவிர, ஓர் இலைகூடத் திரும்பி வரவில்லை. நிழலைத் தூக்கினால் சுவரில் சதுரம் சதுரமாகத் திட்டுகள். “இதில் லட் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் மூலமும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

பிறகு அவர் பிரேமின் கீழ் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டினார். மேசையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போல ஏதோ தெரிந்தது. இன்னும் பெரிதாக்கியதும் அது எண்களின் மேல் பகுதி என்று புரிந்தது. ஒன்று 8 அல்லது 9. கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருந்ததால் எது என்று சொல்ல முடியவில்லை. பிராக்ஸியில் நான் பதித்த டைம்கோடு! அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். முதியவரின் தலைக்கு மேல் விட்டிருந்த இடம் குறைந்துபோனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

நிறுவனத்துக்காரரிடம் கேட்டேன். “கோடெக்கை, அதான் கோப்பின் பதிவு முறையை, பாருங்கள் சார், புரோரெஸ் ஹெச்கியூ, 10 பிட் என்றுதான் காட்டும். அளவையும் பாருங்கள், சின்னக் கோப்பா இது?” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் போட்டாலும் அப்படித்தான் காட்டியது. அந்த அளவில், 23.976 பிரேம் வேகத்தில், புரோரெஸ் ஹெச்கியூ வினாடிக்கு ஏறத்தாழ 176 மெகாபிட் எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு 79 ஜிபி. உள்ளே எதை ஊற்றினாலும் குடம் அதே குடம்தான். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது. 8 பிட் பிராக்ஸியை எந்தக் கோடெக்கில் திணித்தாலும் தொலைந்த நிறமும் நுணுக்கமும் திரும்பாது.

23.976 ஆக இருந்த பிரேம் வேகத்தையும் 24 ஆக்கியிருந்தார்கள். ஆயிரம் பிரேமுக்கு ஒரு பிரேம் இரண்டு முறை வரும், அதாவது சுமார் 42 வினாடிக்கு ஒரு சின்ன விக்கல். கேமரா பக்கவாட்டில் திரும்பும் நீளமான பேன் ஷாட்டில் மட்டும்தான் கண்ணில் படும். இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டாரா என்றே தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகாது. டைம்லைனில் வந்த கிளிப்பை வைத்து, அதன் மேல் மூலக் கிளிப்பைப் போட்டு, கலப்பு முறையை ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றென்றால் திரை ஏறக்குறைய முழுக் கறுப்பாகும். என் கிளிப்பில் முதியவரின் உருவம் இரட்டைக் கோடாக எழுந்து நின்றது. நகலெடுத்த கோப்பென்றால் எம்டி5 (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டாலே போதும்; மாற்றிய கோப்பில் அது எப்படியும் பொருந்தாது, இங்கே கண்தான் சோதனை. ஆகவே முதலில் பத்துக் கிளிப் மட்டும் கொடுத்து, கலரிஸ்ட் திறந்து பார்த்துச் சரி என்ற பிறகு மீதியைக் கொடுங்கள். அந்தப் பத்தில் ஜன்னல், வானம், இருட்டு மூன்றும் இருக்கட்டும். கோப்பின் பெயர், தொடக்க டைம்கோடு, பிரேம் வேகம் எதையும் மாற்றக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். பிராக்ஸியை அந்த டிஸ்க் பக்கமே விடாதீர்கள்.

மூலங்களின் இன்னொரு நகல் என்னிடம் இருந்ததால் படம் பிழைத்தது. நான்கு இரவுகள் என் கணினியை ஓடவிட்டு நானே மாற்றினேன். ஜன்னலில் இலைகள் வந்துவிட்டன. பணம் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதற்குக் கடைசியாக ஒரு பதில் வந்தது: “அடுத்த முறை பிராக்ஸியில் டைம்கோடு பதிக்காமல் கொடுங்கள் சார், இந்தப் பிரச்சினையே வராது.”