கொடைக்கானலில் ஒரு குஜராத்தி தாலி: சாப்பாடு ஜோர், மெனுவில் 400 வருஷம் காணோம்

ஏழு ரோடு சந்திப்பிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் வழியில், மாடியில் இருக்கிற அந்தக் குஜராத்தி தாலி (தட்டுச் சாப்பாடு) கடை எப்படி என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். போகலாம். பருப்பில் வெல்லம் போட்டிருப்பார்கள், அது ஒத்துவராது என்றால் போக வேண்டாம், அதற்காகக் கடைக்காரரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, அந்த ஊர்ச் சமையலே அப்படித்தான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மெனு கார்டுக்காக. இங்கே தாலிகளுக்கு ராஜ வம்சங்களின் பெயர். மைத்ரக தாலி, சோலங்கி தாலி, வாகேலா தாலி, காத்தியாவாட் தாலி (இது மட்டும் வம்சமில்லை, குஜராத்தின் ஒரு வட்டாரம்), கெய்க்வாட் தாலி. ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழிலும் குஜராத்தியிலும் நாலு வரி வரலாறு. நம் ஊரில் பாண்டியன், சோழன் என்று போர்டு வைத்தால் விஷயம் அதோடு முடிந்தது, உள்ளே அதே புரோட்டாதான். இவர் வம்சத்தையும் தட்டையும் பொருத்திப் பார்த்திருக்கிறார். சிலது பிரமாதமாகப் பொருந்துகிறது, ஒன்று சொதப்பல், ஒரு வம்சத்தை ஆளையே காணோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மைத்ரக தாலிதான் இருப்பதிலேயே சின்னது. கிச்சடி, கடி, ஒரு கூட்டு, அப்பளம், மோர், 160 ரூபாய். கடி என்பது நம் மோர்க்குழம்புக்குத் தூரத்துச் சொந்தம், இனிப்பு கொஞ்சம் தூக்கல். மைத்ரகர்கள் ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரை வலபியிலிருந்து ஆண்டவர்கள். வலபி பௌத்தப் படிப்புக்குப் பேர்போன ஊர், யுவான் சுவாங் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரின் பெயரை மாணவர்கள் கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற தட்டுக்கு வைத்தது தெரிந்து வைத்ததா, தற்செயலா என்று தெரியவில்லை. எப்படியானாலும் சரியாக இருக்கிறது.

சோலங்கி தாலிதான் கடையின் உயிர். அது ஜெயின் தாலி. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் எதுவும் கிடையாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற ஊரில், பூம்பாறைக்காரர்கள் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருக்கிற இடத்தில், ஒரு பல் பூண்டு இல்லாமல் சமைத்து அதைச் சாப்பிட வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். பச்சைப் பட்டாணியும் பீன்ஸும் நம் மலைச் சரக்கு, அன்றைக்குப் பறித்தது போல இருந்தது. பெருங்காயமும் ஓமமும் பூண்டின் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. காண்ட்வியை மட்டும் இரண்டாவது முறை கேட்டு வாங்குங்கள், கடலை மாவையும் மோரையும் கிண்டி மெல்லிசாகச் சுருட்டியது, வாயில் வைத்ததும் கரைகிறது.

பெயர்ப் பொருத்தமும் இங்கேதான் அசத்தல். சோலங்கிகள் பத்தாம் நூற்றாண்டில் மூலராஜனில் தொடங்கி அன்ஹில்வாட் பட்டணத்திலிருந்து ஆண்டவர்கள். (இவர்களையும் சாளுக்கியர் என்பதுண்டு, ஆனால் பாதாமிச் சாளுக்கியர் வேறு, இவர்கள் வேறு. பக்கத்து மேஜையில் ஒருவர் பையனுக்குப் புலிகேசி கதை சொல்லிக்கொண்டிருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை.) கஜினி முகமது சோமநாதபுரத்தை 1026-ல் கொள்ளையடித்தபோது அங்கே ராஜா முதலாம் பீமன். அவன் காலத்தில்தான் மொதேராவின் சூரியன் கோயில் எழும்பியது. அவனுக்காக ராணி உதயமதி கட்டியதாகச் சொல்லும் படிக்கிணறு அதே அன்ஹில்வாட் பட்டணத்தில் இருக்கிறது. பார்க்க அங்கே போக வேண்டியதில்லை, பையிலிருக்கும் ஊதா நிற நூறு ரூபாய் நோட்டைத் திருப்பினால் போதும். பில் கட்டும்போது திருப்பிப் பார்த்தேன், நாம் எத்தனை நாளாக அதைக் கவனிக்காமல் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த குமாரபாலன், ஜைன ஆசாரியர் ஹேமசந்திரரின் வழியில் நடந்து, தன் ராஜ்யத்தில் உயிர்க்கொலைக்குத் தடை போட்டவன். குஜராத்திச் சைவச் சாப்பாட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு நீளமான ஜைனக் கதை இருக்கும்போது, பூண்டில்லாத தட்டுக்குச் சோலங்கி என்று பெயர் வைத்தது நியாயமான மரியாதை. அதற்காக அவர்களை வெறும் சாதுக்களாக நினைத்துவிட வேண்டாம். 1178-ல் கோரி முகமது படையோடு வந்தபோது அபு மலைப் பக்கம் அவனை அடித்துத் துரத்தியது இவர்கள் படைதான். பட்டத்தில் இருந்தது சின்னப் பையன், படையை நடத்தியது அவன் அம்மா நாயகிதேவி என்று ஜைன நூல் சொல்கிறது. இந்த விஷயம் மெனுவில் இல்லை, எனக்கு அது பெரிய மனக்குறை.

வாகேலா தாலி சொதப்பல். அதே சோலங்கி தாலி, கூட இரண்டு இனிப்பு, 90 ரூபாய் அதிகம். வாகேலாக்கள் சோலங்கிகளுக்குக் கீழே இருந்து பிறகு பட்டத்தைப் பிடித்தவர்கள்தான், அதற்காகத் தட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? மோகன்தாள் என்ற கடலை மாவு இனிப்பு, சர்க்கரைப் பாகு இறுகிக் கல்லாக இருந்தது. கீழே எழுதியிருந்த நாலு வரியும் வறட்சி, 'கடைசி மன்னர் கர்ணன்' என்பதோடு சரி. ஆனால் நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய கதை இங்கேதான் இருக்கிறது. 1299-ல் அலாவுதீன் கில்ஜியின் படை குஜராத்துக்குள் புகுந்து கம்பாத் துறைமுகத்தைச் சூறையாடியபோது, அங்கே ஓர் அடிமையைப் பிடித்துக்கொண்டு டெல்லிக்குப் போனார்கள். அவன்தான் மாலிக் காபூர். 1311-ல் மதுரை வரைக்கும் வந்த அதே ஆள். கம்பாத் சூறைக்கும் மதுரையில் நடந்ததற்கும் நடுவே வெறும் பன்னிரண்டு வருஷம். மதுரையிலிருந்து பாதிப் பேர் சாப்பிட வருகிற கடையில் இதை எழுதாமல் விடலாமா?

மதுரை என்றதும் ஞாபகம் வருகிறது, என்னோடு வந்த நண்பரின் அம்மா சௌராஷ்டிரர், தெப்பக்குளம் பக்கம். பரிமாற வந்த பையனிடம் வீட்டுப் பேச்சிலேயே ஏதோ கேட்டார், அவன் பாதி புரிந்து பாதி சிரித்து, 'மாசி (சித்தி), இன்னும் ஒரு ரோட்லி (சப்பாத்தி)' என்று வைத்துவிட்டுப் போனான். நாயக்கர் காலத்திலேயே பட்டு நெய்துகொண்டு மதுரையில் நிலைத்துவிட்டவர்கள். அம்மாவுக்கு அந்தப் பருப்பு மட்டும் பிடிக்கவே இல்லை, 'சாம்பார்ல யாராவது சர்க்கரை போடுவாங்களா' என்று வத்தலக்குண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

காத்தியாவாட் தாலியைக் குளிருக்குச் சிபாரிசு செய்கிறேன். கம்பு ரோட்லா, மேலே வெண்ணெய், சுட்ட கத்தரிக்காய் மசியல், சேவ் போட்ட தக்காளிக் கறி, அப்புறம் சிவப்பாக ஒரு பூண்டுச் சட்னி. இங்கேதான் நம் மலைப்பூண்டுக்கு வேலை. தட்டு முழுக்கக் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், காத்தியாவாட்டில் இருந்த இருநூற்றுச் சொச்சம் சமஸ்தானங்கள் மாதிரி. அதில் ஒரு கிண்ணமான ஜூனாகத் நவாப் 1947-ல் பாகிஸ்தானோடு சேருகிறேன் என்று கிளம்பி, 1948 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தபோது பாகிஸ்தானுக்கு விழுந்த ஓட்டு 91. மெனுவில் இது இருக்கிறது, ரசித்து எழுதியிருக்கிறார்.

கெய்க்வாட் தாலியில் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு நன்றாக இருந்தது. பரோடாவை ஆண்டவர்கள் மராத்தியர்கள், அதனால் பொருத்தம்தான். அந்த வம்சத்துச் சாயாஜிராவ் 1906-ல் கட்டாய ஆரம்பக் கல்வி கொண்டுவந்ததும், அம்பேத்கர் 1913-ல் கொலம்பியா போக உதவித்தொகை கொடுத்ததும் எழுதியிருக்கிறார்கள். நல்லது.

சரி, காணாமல் போன வம்சத்துக்கு வருவோம். வாகேலாவுக்கு அடுத்து நேராகக் கெய்க்வாட். வாகேலா ஆட்சி அடியோடு முடிந்த 1304-ல் இருந்து கெய்க்வாட் தொடங்கும் 1721-க்கு ஒரே தாவு. நடுவில் குஜராத் சுல்தான்கள் என்று ஒரு வம்சமே இல்லாதது போல. கடைக்காரரின் சொந்த ஊர் அகமதாபாத். அந்த ஊரை 1411-ல் நிறுவியவர் சுல்தான் அகமது ஷா. ஊர்ப் பெயரிலேயே இருக்கிறவரை மெனுவில் விட்டுவிட்டால் எப்படி? 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்ததும் அவர்கள் போட்ட மதிலும் மசூதியும் சந்தும் சேர்ந்த அந்தப் பழைய ஊரைத்தான். 1572-73-ல் அக்பர் வந்து பிடிக்கும்வரை அவர்கள் ராஜ்யம்தான்.

கேட்டேன். 'அண்ணா, இது சுத்த சைவக் கடை, அவங்க பேரை எந்தத் தட்டுக்கு வைக்கிறது?' என்றார். கஸ்டமர் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருந்திருக்கலாம், அதை அவர் சொல்லவில்லை.

எனக்கு இந்தப் பதில் செல்லாது. அந்தச் சுல்தான்களில் ஒருவரான, சம்பானேர் கோட்டையை 1484-ல் பிடித்த மகமூத் பேகடாவைப் பற்றிப் பழைய நூல்களில் ஒரு கதை உண்டு. மனிதர் அசுரச் சாப்பாட்டுக்காரர். காலை உணவே ஒரு கிண்ணம் தேன், ஒரு கிண்ணம் வெண்ணெய், 150 வாழைப்பழம். கூட்டிச் சொல்லியிருப்பார்கள்தான், ஆனால் அதில் எது அசைவம்? இதே கடையில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று பெயரே இல்லாமல் 380 ரூபாய்க்கு ஒரு தாலி இருக்கிறது. அதற்குப் பேகடா தாலி என்று பெயர் வைத்து, கடைசியில் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கத்து மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? வாழைப்பழத்துக்கு ஜெயின் கூட மறுப்புச் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டுத்தான் வந்தேன், சிரித்தார், யோசிக்கிறேன் என்றார். அடுத்த முறை மெனு அச்சடிக்கும்போது பார்ப்போம்.

மற்றபடி சில விஷயங்கள். படி செங்குத்து, முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். ஸ்டீல் தட்டில் கிண்ணம் கிண்ணமாக முதலிலேயே ஊற்றிவிடுகிறார்கள், நம் குளிருக்குப் பருப்பு ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது, பாதிப் பாதியாகக் கேட்டு வாங்குங்கள். உந்தியு என்ற காய்கறிக் கலவைக் கறி எல்லா நாளும் கிடைக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. சனி, ஞாயிறு ஒரு மணிக்கு மேல் டூர் வேன்கள் வந்துவிட்டால் இடம் கிடைக்காது, பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். பார்க்கிங் கிடையாது. ஜிபே உண்டு, ஆனால் மாடியில் சிக்னல் வராது, கையில் அந்த ஊதா நோட்டு நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள்.